உஷார்! எல்லையோரம் கார் ஆர்டர் போடுகிறவர்களே, பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஷோரூமில் நீட்டுகிற புக்கிங் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: டெலிவரி நாளில் என்ன விலையோ அதுவே செல்லும். அதற்குக் கீழே இன்னொன்று: டெலிவரித் தேதி உத்தேசமானது, தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. இன்னும் கீழே: வண்டியின் அம்சங்களை முன்னறிவிப்பில்லாமல் மாற்றத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் வார்த்தை மாறும், சாரம் மாறாது. எவ்வளவு, எப்போது, எந்த வண்டி என்ற மூன்றில் ஒன்றுகூட உறுதியாகாத தாளில்தான் முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போடுகிறோம். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் வைக்கிறோம்!

நாடு முழுக்க இதே கதைதான். ஆனால் பாலக்காடு, இடுக்கி எல்லையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பாலக்காடு ஷோரூமும் பக்கம், பொள்ளாச்சியும் கோவையும் பக்கம். குமுளிக்காரருக்குக் கோட்டயத்தைவிடத் தேனி கிட்டம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்தச் சோதனைச்சாவடிப் பக்கம் போனாலும் இதுதான் நிலை: இரண்டு மாநில விலைப்பட்டியல், இரண்டு விதச் சாலை வரி, இரண்டு பக்கமும் சொந்தபந்தம். "மாமா வீட்டு அட்ரஸ் பொள்ளாச்சியில இருக்குல்ல, அதுலயே ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் எந்த வீட்டிலும் கார்ப் பேச்சு முடிவதில்லை. பெரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் வரி குறைவு என்பது பழைய கணக்கு. பத்து லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம் என்று அங்கே இருந்த காலத்தில் அது உண்மை. 2023 நவம்பரில் தமிழ்நாடு விகிதத்தை ஏற்றியது. 5 லட்சம் வரை 12, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். கேரளம் அதே ஆண்டு பட்ஜெட்டில் ஏற்றிய பிறகு 5 லட்சம் வரை 10, 10 லட்சம் வரை 13, 15 லட்சம் வரை 15, 20 லட்சம் வரை 17, அதற்கு மேல் 22. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 லட்ச ரூபாய் வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2,16,000, கேரளத்தில் 1,80,000. மாமா வீட்டு விலாசத்தில் பதிந்தவர் சட்டத்தையும் மீறி, 36,000 ரூபாய் கூடுதலாகவும் கட்டுகிறார். பத்திலிருந்து இருபது லட்சம் வரையிலான வண்டி வாங்குகிற எல்லோருக்கும் இந்த விசித்திரம் பொருந்தும். இந்த விகிதங்களும் மாறக்கூடியவை, ஆகவே பணம் கட்டும் நாளில் பரிவாகன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசை இன்னமும் உயிரோடு இருப்பது இரண்டு இடத்தில்தான். ஒன்று 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டி. இன்னொன்று மின்கார். தமிழ்நாடு மின்வண்டிகளுக்குச் சாலை வரி விலக்குக் கொடுத்து வந்தபோது, கேரளம் 2025 பட்ஜெட்டில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மின்கார்களுக்கு 8 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 10 சதவீதம் என்று உயர்த்தியது. வித்தியாசம் லட்சங்களில் வரும்போது மாமா வீடு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும்.

மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? வண்டியின் உரிமையாளர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது தொழில் நடத்துகிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்குமோ, அந்த மாநிலத்தில் பதிய வேண்டும். இது 40ஆவது பிரிவு. பொய்யான விவரம் கொடுத்து ஆர்.சி. வாங்கியது தெரிந்தால் 55ஆவது பிரிவின்படி பதிவையே ரத்து செய்யலாம். 2019 திருத்தத்தில் வந்த 192பி பிரிவு இன்னும் கடுமையானது. பொய் ஆவணத்தில் பதிவு வாங்கிய உரிமையாளருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை. அதோடு ஆண்டு வரியைப்போல் பத்து மடங்கு அல்லது ஆயுள் வரியில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது அதிகமோ அது அபராதம். வரி மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் வரியே அபராதமாகத் திரும்பி வருகிறது.

"பன்னிரண்டு மாசம் வரைக்கும் டி.என். நம்பர்ல ஓட்டலாம், ஒண்ணும் பண்ண முடியாது" என்று டீக்கடையில் சட்டம் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது 47ஆவது பிரிவு. உண்மையிலேயே தமிழ்நாட்டில் வாழ்ந்து, அங்கே பதிந்து, பிறகு கேரளத்துக்குக் குடிபெயர்ந்தவருக்கு நம்பர் மாற்றக் கொடுக்கும் அவகாசம் அது. பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்து அந்தச் சித்தூரிலேயே ரேஷன் வாங்குகிறவருக்கு அது கேடயம் ஆகாது. நம்பர் மாற்றுவது மத்தியச் சட்டத்தின் விஷயம். வரியோ மாநிலத்தின் விஷயம், கேரளத்தில் அதற்கென்று 1976ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது.

2017இல் கேரளத்தைக் கலக்கிய புதுச்சேரி விவகாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சொகுசுக் கார்களைப் புதுச்சேரி விலாசத்தில் பதிந்து வரியைக் குறைத்துக்கொண்டதாகத் திரைப் பிரபலங்களின் பெயர்களே வெளிவந்தன. குறிப்பிட்ட விலாசத்துக்கு ஆள் போய் விசாரித்தது, குற்றப்பிரிவு வழக்கு, பிறகு கேரளத்தில் வரி கட்டியது என்று அது நீண்டது. கோடி ரூபாய் வண்டி வைத்திருந்தவர்களே விலாசத்துக்குச் சாட்சி காட்டத் திணறினார்கள். நம் வண்டியோ தினமும் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது, கூட்டுறவுச் சங்கத்து வாசலில் நிற்கிறது. 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கிய கேரளத்தின் 726 ஏ.ஐ. கேமராக்கள் வேறு சாலையோரம் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோவையிலோ தேனியிலோ கார் வாங்குவது குற்றமே இல்லை. அங்கே தள்ளுபடி அதிகம் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். தற்காலிகப் பதிவு எண்ணில் வண்டியைக் கொண்டு வந்து, சித்தூர் என்றால் கே.எல். 70, தேவிகுளம் என்றால் கே.எல். 68, உடும்பன்சோலை என்றால் கே.எல். 69, வண்டிப்பெரியாறு என்றால் கே.எல். 37 என்று உங்கள் அலுவலகத்தில் கேரள வரி கட்டிப் பதிந்துகொள்வது முறையான வழி. உஷாராக இருக்க வேண்டியது அந்தத் தற்காலிகப் பதிவில்தான். "மெதுவா ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்று விடாதீர்கள். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 சாட்சி. பழைய புகை விதிப்படி தயாரான பி.எஸ். 4 வண்டிகளை 2020 ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. கடைசி வாரத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. பணம் முழுக்கக் கட்டி, தற்காலிக எண்ணோடு வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் நிரந்தரப் பதிவு கிடைக்காமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். இ-வாகன் தளத்தில் முன்பே ஏற்றப்பட்டிருந்த வண்டிகளுக்கு 2020 ஆகஸ்டில்தான் வழி பிறந்தது. இன்னொரு மாநிலத்தில் வாங்கி வந்தவருக்கு இப்படிப்பட்ட நேரத்தில் அலைச்சல் இரண்டு அலுவலகங்களுக்கு.

சரி, ஆர்டருக்கு வருவோம். டீலர் யார்டில் நிற்கும் வண்டியை எடுக்காமல், எனக்கு இந்த வேரியண்ட், இந்த நிறம், ஆட்டோமேட்டிக், சன்ரூஃப் என்று சொல்லிக் காத்திருந்து எடுப்பதைத்தான் ஆர்டர் போடுவது என்கிறோம். கேட்டவுடன் நமக்காகவே ஃபேக்டரியில் ஒரு வண்டியைப் பூட்டுகிறார்கள் என்ற நினைப்பு வருகிறது. பெரும்பாலான நிறுவனங்களில் நடப்பது வேறு. டீலருக்கு மாதாமாதம் ஒதுக்கீடு வரும். அதில் நீங்கள் கேட்ட சேர்க்கை வந்தால், வரிசையில் உங்கள் முறையும் வந்தால், அந்தச் சேஸிஸ் எண்ணுக்கு உங்கள் பெயரைப் போடுவார்கள். அதுவரைக்கும் உங்கள் ஆர்டர் என்பது கம்ப்யூட்டரில் ஒரு வரி மட்டும்தான். இடையில் அதிகச் செல்வாக்குள்ள ஒருவர் உள்ளே நுழைந்தால் அந்த வரி கீழே இறங்கவும் கூடும். டீலர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு மஹிந்திராவே உதாரணம். எக்ஸ்.யூ.வி. 700க்கு 2021 அக்டோபர் 7 அன்று புக்கிங் திறந்தபோது 57 நிமிடத்தில் 25,000 பேர். ஸ்கார்ப்பியோ-என்னுக்கு 2022 ஜூலை 30 அன்று அரை மணி நேரத்துக்குள் ஒரு லட்சம். தார் ராக்ஸுக்கு 2024 அக்டோபர் 3 அன்று முதல் ஒரு மணி நேரத்தில் 1,76,218. முதல் நிமிடத்தில் பட்டனை அழுத்தியவரும் ஐம்பதாவது நிமிடத்தில் அழுத்தியவரும் ஒரே நாளில்தான் பணம் கட்டினார்கள், ஆனால் வண்டி வந்ததில் மாதக்கணக்கு வித்தியாசம். சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் சில வேரியண்ட்டுகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. டொயோட்டா 2023 ஏப்ரலில் இன்னோவா ஹைகிராஸின் உயர் வேரியண்ட்டுகளுக்குப் புக்கிங்கையே நிறுத்தி வைத்தது. 2025இல் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் மின்வண்டிக்காரர்கள் வயிற்றில் புளி கரைந்தது. எங்கோ நடக்கும் ஏற்றுமதித் தகராறு இடுக்கியின் நெடுங்கண்டத்துக்காரரின் டெலிவரித் தேதியைத் தள்ளிப் போடும் காலம் இது.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததையும், அதற்கு முன் 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் உள்நாட்டு விற்பனையைக் கைவிட்டதையும் நினைவில் வையுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்கப் போகிறீர்கள் என்றால், அந்த நிறுவனம் இங்கே ஊன்றி நிற்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

விலை விஷயத்தில் 2025 ஓணத்தைப் போல் பாடம் சொன்ன நாட்கள் இல்லை. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜி.எஸ்.டி. மாற்றம் வரும் என்றார். செப்டம்பர் 3 அன்று கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 5 திருவோணம். புதிய விகிதம் செப்டம்பர் 22 முதல். நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கு செஸ்ஸோடு 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. ஏழு லட்ச ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையில் ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம். ஓணத்துக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று அவசரப்பட்டு அதற்கு முன் பில் போட்டவர்களுக்கு அந்த அறுபதாயிரம் போனது போனதுதான். அதே ஆண்டு வண்டி வராமல் புலம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. டெலிவரி நாள் விலை என்ற அந்தப் பொடி எழுத்து வரி ஒருமுறை வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்தது. இப்படி எப்போதாவதுதான் நடக்கும். ஜனவரி பிறந்தால் நிறுவனங்கள் வரிசையாக விலை ஏற்றுவது வருடந்தோறும் நடக்கும். ஆகவே அக்டோபர், நவம்பரில் ஆர்டர் போடுகிறவர்கள் டெலிவரி டிசம்பர் 31ஐத் தாண்டுமா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அறிமுக விலைக்கு மயங்கி புக் பண்ணுகிறவர்கள், எத்தனையாவது வண்டி வரை அந்த விலை, தான் எத்தனையாவது ஆள் என்று எழுதி வாங்க வேண்டும்.

விலை மட்டுமா ஏறி இறங்குகிறது? நம் வருமானமும்தான். இடுக்கியின் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது 2019 ஆகஸ்டில். 2021, 22 வாக்கில் அதே காய் ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. விலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் டாப் எண்ட் வண்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டு, வண்டி வருகிற மாதத்தில் காய் விலை சரிந்திருந்தால் தவணை கட்டுவது யார்? சித்தூர்ப் பக்கத்து நெல் விவசாயிகளுக்கும் இதே கதைதான். கேரள அரசின் சப்ளைகோ நெல்லை எடுத்துக்கொண்டாலும் பணம் கைக்கு வரத் தாமதமாவது அங்கே புதிதல்ல. காத்திருப்புக் காலம் என்பது வண்டிக்கு மட்டும் இல்லை. அத்தனை மாதத்துக்கும் நம் வரும்படி இதே நிலையில் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறோம்.

லோன் போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மாத இலக்கை முடிக்கிற அவசரத்தில் டீலரும் வங்கியின் ஏஜென்ட்டும் சேர்ந்து, வண்டி வருவதற்கு முன்பே கடன் தொகையை டீலர் கணக்குக்கு அனுப்பிவிடுவது உண்டு. பணம் போன நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கும். வண்டி எங்கோ லாரியில் வந்துகொண்டிருக்கும், முதல் தவணை உங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும். சேஸிஸ் எண் ஒதுக்கி, வண்டி யார்டுக்கு வந்து, நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு மட்டும் பணத்தை விடுவிக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். பேச்சில் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் யார்டில் நிற்கிற வண்டியையே எடுத்துவிடலாமா? பல பேருக்கு அதுதான் சரி என்பது என் எண்ணம், ஒரு நிபந்தனையோடு. அது எப்போது தயாரானது என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 17 இருக்கும். பெரும்பாலான நிறுவனங்களில் பத்தாவது எழுத்து ஆண்டைக் குறிக்கும். 2025 என்றால் ஆங்கில எஸ். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகிவிடும், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் எடுத்தால் ஒரு மாதத்தில் ஒரு வயது ஏறிவிடுகிறது. அந்த ஒரு வயதுக்கு உண்டான தள்ளுபடியை டீலர் தரட்டும், தராவிட்டால் எழுந்து வாருங்கள். டயரின் பக்கவாட்டில் தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் இருக்கும், அதையும் பாருங்கள். மழையிலும் வெயிலிலும் திறந்தவெளியில் ஆறு மாதம் நின்ற வண்டியை மெழுகு போட்டுப் பளபளப்பாக்குவது ஒரு மத்தியான வேலை.

பேரம் பேச நல்ல காலம் ஆடி. நம் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஒரே மாதம் என்பதால் வாளையாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷோரூம்கள் காற்று வாங்கும். நல்ல நாள் பார்க்கிறவர்கள் பில்லை ஆடியில் போட்டு, வண்டியை ஆவணி முதல் நாள் வீட்டுக்குக் கொண்டு வரலாம். சாமிக்கும் தள்ளுபடிக்கும் பழுதில்லை. கோவையில் கிடைத்த தள்ளுபடியைப் பாலக்காட்டில் காட்டிப் பேசவும் கூச்சப்பட வேண்டாம். டீலர்கள் ஒரு அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று தடுத்ததற்காக மாருதிக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் தள்ளுபடி கேட்பதும் கொடுப்பதும் சந்தையின் இயல்பு என்பதை அந்த உத்தரவு உரக்கச் சொன்னது.

"அண்ணா, இன்னைக்கு ஒரு ஐயாயிரம் போட்டுட்டுப் போங்க, இந்த மாச ஆஃபர்ல லாக் பண்ணிடறேன்" என்பார் சேல்ஸ் பையன். பாவம், அவனுக்கும் இலக்கு இருக்கிறது. ஆனால் அந்த ஐயாயிரம் அவனுடைய சொந்த ஜி-பே எண்ணுக்குப் போகக் கூடாது. போனால் உங்களுக்கும் ஷோரூமுக்கும் நடுவில் ஒரு தாளும் இருக்காது. டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். ரசீதில் வேரியண்ட், நிறம், அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலை, ஒப்புக்கொண்ட தள்ளுபடி, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். இணையத்தில் நிறுவனத்தின் பெயரை ஒட்டியே போலித் தளங்களும் உலவுகின்றன. விளம்பரத்தைத் தொட்டு உள்ளே போகாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

ஆன்-ரோடு விலைத்தாளில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு ஃப்ளோர் மேட்டும் மட்கார்டும் அடங்கிய கட்டாயக் கிட் என்பதும் கட்டாயமில்லை. இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. புதுக் காருக்கு 2018 செப்டம்பரிலிருந்து மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதியை நாலு இடத்தில் விலை கேட்டு எடுக்கலாம். "வெளிய எடுத்தா டெலிவரி லேட் ஆகும்" என்று மிரட்டினால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள், மிரட்டலும் அதோடு நிற்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பது மட்டும் சட்டப்படியானது. அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாத தோட்டத்துக்காரர்கள் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஆர்டர் போடும்போதே "பெரிய டயர் மாத்திடலாம், முன்னாடி பம்பர்ல கார்டு போட்டுடலாம், சைலன்சர் மாத்திடலாம்" என்று ஒரு பட்டியல் வரும், இடுக்கிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வரும். தயாரிப்பாளரின் வரையறையிலிருந்து மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது, அது கேரளத்திலிருந்து போன வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. முன்பக்கக் கம்பித் தடுப்பை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. 2021இல் கண்ணூரில் வ்லாகர் சகோதரர்கள் மாற்றியமைத்த 'நெப்போலியன்' வேனைக் கேரள மோட்டார் வாகனத் துறை பிடித்து வைத்ததை லட்சக்கணக்கானவர்கள் செல்போனில் பார்த்தார்கள். கண்ணாடி ஃபிலிமுக்கு மட்டும் கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில், முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவினால் போதும் என்ற விதிக்கு உட்பட்டு அனுமதி தந்தது. மலையிறங்கினால் தமிழ்நாட்டுக் கம்பத்தில் நிற்கும் காவலரும் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார் என்று நம்பி ஒட்டாதீர்கள்.

நிறத்தைத் தேர்வு செய்ய ஒரு மாதம் எடுத்துக்கொள்கிற நாம் இன்ஜினைத் தேர்வு செய்ய ஒரு மணி நேரம்கூடக் கொடுப்பதில்லை. தேனி பைபாஸில் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு ஆர்டர் போட்டால், ஐந்து பேரையும் ஏ.சி.யையும் வைத்துக்கொண்டு போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். டெஸ்ட் டிரைவை மலையில் கேளுங்கள். மறுத்தால் அதே மாடல் வைத்திருக்கும் தெரிந்தவரைக் கேளுங்கள். ஆர்டர் போட்டு எட்டு மாதம் கழித்து வரும் தவறான வண்டியைவிட, இன்றைக்கே யார்டில் நிற்கும் வேறு நிறத்துச் சரியான வண்டி மேல்.

எனவே என் தீர்ப்பு இது. உங்களுக்குத் தேவையான இன்ஜினும் கியரும் உள்ள வண்டி, மூன்று மாதத்துக்குள் தயாரானது, யார்டில் இருந்தால் நிறத்தை விட்டுக்கொடுத்து அதையே எடுங்கள். ஆர்டர் போட்டே ஆக வேண்டும் என்றால், இப்போது ஓடுகிற வண்டி இன்னும் ஒரு வருடம் தாங்கும், முன்பணம் முழுசாகத் திரும்ப வரும் என்று எழுத்தில் இருக்கிறது, விலை ஐம்பதாயிரம் ஏறினாலும் சமாளிப்பேன் என்ற நிலையில் மட்டும் போடுங்கள். வண்டி எங்கே வாங்கினாலும் நீங்கள் தூங்கி எழுகிற விலாசத்தில் பதியுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணத்தைத் தர மறுக்கிறார்கள், சொன்ன வண்டிக்குப் பதில் வேறு வண்டியைத் தலையில் கட்டுகிறார்கள் என்றால் டீலர் இருக்கும் கோவைக்கோ தேனிக்கோ அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது பாலக்காட்டிலோ இடுக்கியிலோ, புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் கூப்பிட்டுப் பாருங்கள். ரசீதையும், புக்கிங் படிவத்தின் இரண்டு பக்க நகலையும், வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.